இரண்டு நாள் பயிலரங்கம்

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளையும் நண்பர்களும் கோவாவுக்கோ கொடைக்கானலுக்கோ போய்க் கூத்தடித்துவிட்டு வருவதற்கு ‘பேச்சிலர் பார்ட்டி’ என்று பெயர். அந்தப் பெயருக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. ‘பசங்கதானே, போயிட்டு வரட்டும்’ என்று பணம் கொடுத்து அனுப்பும் அப்பாக்களை எனக்குத் தெரியும். போன வருடம் எங்கள் கல்லூரியில் என் சக ஆசிரியை ஒருவருக்குத் திருமணம் நிச்சயமானது. நாங்கள் ஐந்து பெண்கள் அதையொட்டி ஒரு சனி, ஞாயிறு பெங்களூர் போய்வர நினைத்தோம். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே முதல் வாரம் கழிந்தது.

தமிழ் படித்தவள் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மணமாகாத ஆணுக்கு நம்மிடம் பிரமச்சாரி இருக்கிறார். கட்டை பிரமச்சாரி என்று சொன்னாலும் அதில் ஒரு சிரிப்பும் செல்லமும் இருக்கிறது. மணமாகாத பெண்ணுக்கு என்ன இருக்கிறது? கன்னி, குமரி. வயது ஏறினால் முதிர்கன்னி. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் புதுக்கவிஞர்கள் எத்தனை ஜன்னல் கம்பிகளைக் கண்ணீரால் நனைத்திருக்கிறார்கள்! எங்கள் கல்யாணப் பெண்ணுக்கு அப்போது வயது 41. இயற்பியல் துறை. சொந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைத்து, தங்கைக்குக் கல்யாணம் செய்து, தன் பெயரில் இரண்டு அறை வீடு வாங்கி, அதில் ஒரு அறை முழுக்கச் செடி வைத்திருப்பவர். “முதிர்கன்னி விழான்னு போட்டுடலாமா?” என்று அவரே கேட்டுவிட்டு, ஸ்டாஃப் ரூமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

கடைசியில் வாட்ஸ்அப் குழுவுக்கு ‘இரண்டு நாள் தேசியப் பயிலரங்கம்’ என்று பெயர் வைத்தோம். யோசனை வேதியியல் மேடத்துடையது. அவருடைய போனை வீட்டில் மூன்று பேர் எடுத்துப் பார்ப்பார்கள். பயிலரங்கம் என்று இருந்தால் யாரும் உள்ளே போய்ப் படிக்க மாட்டார்களாம். உண்மைதான். பேராசிரியர்களே படிப்பதில்லை.

பெயர்களைத் தவிர்க்கிறேன், எங்கள் ஊர் வட்டாரம் சிறியது. கல்யாணப் பெண், வேதியியல் மேடம், நான், சுயநிதிப் பிரிவில் வணிகவியல் எடுக்கும் 28 வயதுப் பெண், நூலகத்தில் உதவியாளராக இருக்கும் அக்கா. அக்காவுக்கு 52 வயது. கணவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது.

ஊரைத் தேர்ந்தெடுப்பதில் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பதை வைத்து நாங்கள் ஊர்களைக் கழிக்கவில்லை. எங்கே நம்மைப் பார்க்க ஆள் இருக்கிறது என்பதை வைத்துக் கழித்தோம். சென்னையில் ஆளுக்கு நான்கு சொந்தக்காரர்கள். பாண்டிச்சேரிக்குக் கல்யாணப் பெண்ணின் தம்பி அடிக்கடி போவான், அவன் எதற்குப் போகிறான் என்று யாரும் கேட்பதில்லை. கொச்சிக்குப் பயண நேரம் கட்டுப்படியாகவில்லை. திருச்சியில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது பெங்களூர். இரவு பத்து மணிக்கு மேலும் மெட்ரோ ஓடும். ஐந்து பெண்கள் நடந்துபோனால் திரும்பிப் பார்க்காத தெருக்கள் கொஞ்சமாவது உண்டு. அதே பெங்களூரில்தான் 2016 டிசம்பர் 31 இரவு, எம்.ஜி. ரோட்டிலும் பிரிகேட் ரோட்டிலும் புத்தாண்டுக் கூட்டத்துக்கு நடுவில் பெண்கள் தாக்கப்பட்டார்கள். மாநிலத்தின் அன்றைய உள்துறை அமைச்சர் மேற்கத்திய உடையைக் குறை சொன்னார். வணிகவியல் பெண்ணின் அம்மா அந்தச் செய்தியை நினைவில் வைத்திருந்து கேட்டார். மறக்காமல் இருப்பது அம்மாக்களின் வேலையாகிவிட்டது.

பிறகு அனுமதி. கல்யாணப் பெண் 41 வயதில் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா, மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்றார். திருமணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. வணிகவியல் பெண் விடுதி வார்டனிடம் கடிதம் கொடுக்க வேண்டும். கடிதத்தில் பாதுகாவலர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் உண்டு. வகுப்பில் அறுபது பேருக்கு வருகைப்பதிவு எடுக்கிற பெண்ணுக்கு அப்பா கையெழுத்துப் போட வேண்டும். நான் வீட்டில் ‘போகிறேன்’ என்றேன். கணவர் ‘சரி’ என்றார். மகன்தான், “அப்ப ஞாயித்துக்கிழமை சாப்பாடு?” என்றான். பதினாறு வயது. குக்கர் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு வந்தேன். நூலக அக்காவுக்கு மட்டும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. “என்னை யாரு கேக்கப்போறா” என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் சுதந்திரமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது.

செலவு ஆளுக்கு ஏழாயிரம் என்று கணக்குப் போட்டேன். அன்று மாலை வேதியியல் மேடம் தனியாக வந்து, “எனக்கு வேலை இருக்குங்க, நீங்க போயிட்டு வாங்க” என்றார். என்ன வேலை என்று விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னார். அவருடைய ஏடிஎம் கார்டு பதினேழு வருடமாகக் கணவரிடம் இருக்கிறது. சம்பளம் ஏறியதும் குறுஞ்செய்தி போவது கணவரின் எண்ணுக்கு. தினமும் பெட்ரோலுக்கும் மதியச் செலவுக்கும் எண்ணிக் கொடுப்பார். “கெட்டவர் இல்லைங்க, கணக்கு விஷயத்துல கொஞ்சம் கறார், அவ்வளவுதான்.” முனைவர் பட்டம் வாங்கியவர், ஆராய்ச்சி மாணவிகளுக்கு வழிகாட்டுபவர். துறைக்கு வரும் நிதிக்கு அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு பீக்கர் வாங்க முடியும். நான் பணம் தருவதாகச் சொன்னேன். கடனாக என்றால் மட்டும் வாங்கிக்கொள்வேன் என்றார். மாதம் ஐந்நூறு, மதியச் செலவில் மிச்சம் பிடித்து.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வாரத்தில் எம்.ஏ. வகுப்பில் தொல்காப்பியம் அகத்திணையியல் நடத்திக்கொண்டிருந்தேன். பெண்ணை உடன் அழைத்துக்கொண்டு கடற்பயணம் போகும் வழக்கம் இல்லை என்று சொல்லும் நூற்பா அதில் வரும். ஆண்டுதோறும் நடத்துவதுதான். அன்றைக்கு ஒரு மாணவி, “அப்ப தரை வழியா போகலாமா மிஸ்?” என்று கேட்டாள். போகலாம். உடன்போக்கில் தலைவி பாலை நிலமே கடக்கிறாள், தலைவனோடு. தோழியோடு அவள் எங்கே போகிறாள்? தினைப்புனம் காக்க, சுனையில் நீராட. மாலைக்குள் வீடு. விறலியர் ஊர் ஊராக நடந்தார்கள், ஆனால் அது பிழைப்பு. தோழி களவுக் காலம் முழுக்கத் தலைவிக்காகப் பேசுகிறாள், பொய் சொல்கிறாள், சண்டை போடுகிறாள். திருமணத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைக்கும் முக்கியமான வேலை, பிரிந்து போய்த் திரும்பிவந்த தலைவனுக்காகக் கதவு திறந்துவிடச் சொல்லும் வாயில் வேலை. கற்பியலில் வாயில்களின் பட்டியல் தோழியில்தான் தொடங்குகிறது. தோழிக்கும் தலைவிக்கும் இடையே, தலைவன் நடுவில் இல்லாமல், பேச என்ன இருந்திருக்கும்? இருபது வருடமாக இதைப் பாடம் நடத்துகிறேன், இந்தக் கேள்வி எந்த வினாத்தாளிலும் வந்ததில்லை.

ஆண் இல்லாத இரவு நம் ஊருக்குப் புதிதும் இல்லை. என் அம்மாச்சி ஊர் நாகர்கோவில் பக்கம். அங்கே செவ்வாய்க்கிழமை இரவுகளில் ஔவையார் நோன்பு நடக்கும். உப்பில்லாத கொழுக்கட்டை செய்வார்கள். ஆண்கள் அதைப் பார்க்கவும் கூடாது, தின்னவும் கூடாது. கைக்குழந்தை பையனாக இருந்தால் அவனையும் வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருவார்கள். அம்மாச்சி அந்த இரவுகளில் சிரித்த சிரிப்பை வேறு நாட்களில் நான் கேட்டதில்லை. ஆனாலும் அது நோன்பு. கணவனுக்காக, பிள்ளை வரத்துக்காக என்று ஒரு காரணம் அதற்குத் தேவைப்பட்டது. நலங்கும் அப்படித்தான், பெண்கள் கூடிப் பாடிச் சிரிக்கும் சடங்கு. ஆனால் சுமங்கலிகள்தான் மஞ்சள் தொட வேண்டும். நூலக அக்கா கல்யாணத்துக்கு வருவதாகச் சொன்னார், நலங்குக்கு வர மாட்டேன் என்றார். யாரும் அவரை வராதே என்று சொல்லவில்லை. அவரே ஒதுங்கிக்கொள்வார் என்று எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பெண் பெங்களூர் என்று பிடிவாதமாக நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

தங்குவதற்கு இடம் தேடி நான்கு விடுதிகளுக்குப் போன் செய்தேன். ஒன்றில், “ஃபேமிலியா மேடம்?” என்றார்கள். ஐந்து பெண்கள் என்றேன். “கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையா?” இல்லை. “அப்ப ஃபேமிலி இல்லையே” என்று சற்றே வருத்தத்தோடு வைத்துவிட்டார்கள். இன்னொன்றில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். பயிலரங்கம் என்றேன். உடனே அறை கிடைத்தது.

இந்தக் காரணம் காட்டுதல்தான் விஷயம். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து எழுதிய ‘வொய் லாய்ட்டர்?’ 2011இல் வந்தது. பொது இடத்தில் இருக்கும் பெண் தனக்கு அங்கே ஏதோ வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் புத்தகம் விரித்துச் சொல்கிறது. சும்மா நிற்கும் ஆணிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பெங்களூரில் ஜாஸ்மீன் பதேஜா 2003இல் தொடங்கிய ‘பிளாங்க் நாய்ஸ்’ இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. பெண்கள் பூங்காவில் கூடிப் படுத்துத் தூங்கினார்கள். முழக்கம் கிடையாது, தூக்கம் மட்டும். இதை நான் குழுவில் எழுதியதும் கல்யாணப் பெண் சொன்னார்: “எனக்கும் அதேதான் வேணும். பப்பு, டான்ஸு எல்லாம் உங்க இஷ்டம். எனக்கு எட்டு மணி வரைக்கும் தூங்கணும், யாரும் எங்கிட்ட காபி கேக்கக் கூடாது.”

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. நாங்கள் தாமதித்ததில் சாதாரண ஒதுக்கீடு தீர்ந்திருந்தது. தொலைதூர ரயில்களில் தனியாகவோ பெண்கள் மட்டும் கூட்டாகவோ பயணம் செய்பவர்களுக்கு, வயது பார்க்காமல், ஸ்லீப்பர் வகுப்பில் ஆறு படுக்கை ஒதுக்கீடு உண்டு. படித்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. முன்பதிவு செய்யும்போது ‘லேடீஸ்’ ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித்தான் கிடைத்தது.

சனிக்கிழமை காலை எட்டரை வரை கல்யாணப் பெண் தூங்கினார். பிறகு கே.ஆர். மார்க்கெட். மல்லிகை மலைபோலக் குவிந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் கண்ணால் பேசி வைத்துக்கொண்டு, நூலக அக்கா தலையில் இரண்டு முழம் வைக்கப் போனோம். அக்கா பின்னால் நகர்ந்தார். “ஐயோ, எனக்கு மல்லி வாசமே ஆகாது, தலைவலி வரும். அவர் இருந்தப்பவும் வச்சதில்ல. உங்க புரட்சிக்கு வேற ஆளப் பாருங்க.” பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்களெல்லாம் சக்தி திட்டத்தில் இலவசமாகப் போனார்கள். கர்நாடக முகவரி இல்லாததால் நாங்கள் டிக்கெட் வாங்கினோம். தமிழ்நாட்டில் 2021 முதல் நகரப் பேருந்துகளில் காசு கொடுக்காமல் பழகிய வேதியியல் மேடத்துக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. இரவு வி.வி.புரம் சாப்பாட்டுத் தெருவில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். வணிகவியல் பெண் சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பீர் குடித்தார், கசக்கிறது என்று பாதியை என்னிடம் தள்ளினார். அறைக்கு வந்து நூலக அக்கா மருதாணிக் கோனை எடுத்து, கல்யாணப் பெண்ணின் இரண்டு கைக்கும் வைத்துவிட்டார். நலங்குப் பாட்டு ஒன்றையும் பாதி மறந்த வரிகளோடு பாடினார்.

ஞாயிறு காலை கப்பன் பூங்கா. அன்று உள்ளே வண்டிகளை விடுவதில்லை. மூங்கில் நிழலில் துப்பட்டாவை விரித்துப் படுத்தோம். முதல் பத்து நிமிடம் எனக்கு உடம்பு முழுக்க விறைப்பு, கைப்பையைக் கட்டிக்கொண்டே கிடந்தேன். பிறகு கல்யாணப் பெண் வானத்தைப் பார்த்தபடி சொன்னார். மாப்பிள்ளை கோயம்புத்தூர். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு வரச்சொல்கிறார்கள். உதவிபெறும் கல்லூரி வேலை, மாற்றல் சுலபமில்லை. இரண்டு மாதமாக மழுப்பிக்கொண்டிருக்கிறார். “விட மாட்டேன்னு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

அங்கேயே போனில் எழுதினார். என்னிடம் திருத்தக் கொடுத்தார். பதினோரு வரிச் செய்தியில் மூன்று ‘மன்னிக்கவும்’, இரண்டு ‘தவறாக நினைக்க வேண்டாம்’, ஒரு ‘உங்கள் விருப்பம்தான் எனக்கும்’. எல்லாவற்றையும் எடுத்தேன். நான்கு வரி மிஞ்சியது. அனுப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். பதில் வர இரண்டு மணி நேரம் ஆனது: “சரி, பேசுவோம்.” அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் உண்மையிலேயே தூங்கினார். விழித்திருந்தவர்கள் நாங்கள் நால்வர்.

பேசினார்கள். கல்யாணம் நடந்தது. இப்போது வெள்ளிக்கிழமை மாலை கோயம்புத்தூர் ரயில், திங்கள் காலை நேராக முதல் மணி வகுப்பு. மாப்பிள்ளை இதுவரை ஐந்து முறை திருச்சிக்கு வந்திருக்கிறார், மாமியார் ஒருமுறையும் வரவில்லை. செடிகளுக்கு வாரக் கடைசியில் நூலக அக்கா தண்ணீர் ஊற்றுகிறார். ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் வேதியியல் மேடம் ஐந்நூறு ரூபாயை, எல்லாம் பத்தும் இருபதுமாக, பழைய வினாத்தாள் உறையில் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். இன்னும் ஆறு மாதம் பாக்கி.