நீளமும் நிறைவும்



ஆடுகோடியில் என் விருப்பத் தமிழ் வகுப்பு, திங்கட்கிழமைகளில் திரைப்படப் பேச்சோடுதான் தொடங்கும். "சண்டைப் படத்திற்கு மூன்று மணி நேரம் தேவையா, ஐயா?" என்ற வினா அடிக்கடி எழும்.

இது விளையாட்டான வினா அன்று. வாரம் ஆறு நாள் உழைக்கும் பெற்றோர்க்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள். பெங்களூருவின் போக்குவரத்து நெரிசலையும் சேர்த்தால், ஒரு நீண்ட படம் அந்நாளில் பாதியை எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஈடாக அப்படம் எதைத் தருகிறது என்று கேட்பது முறையே.

நீளம் நமக்குப் புதிதன்று. எஸ்.எஸ்.வாசனின் 'சந்திரலேகா' (1948) மூன்று மணி நேரத்தைத் தாண்டியது. எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய 'நாடோடி மன்னன்' (1958) மூன்றரை மணி நேரத்தையும் கடந்தது. அவ்விரு படங்களையும் மக்கள் விரும்பிப் பார்த்தனர். அண்மையில் வந்த 'ஆர்.ஆர்.ஆர்.' (2022) மூன்று மணி நேரத்திற்கு மேலும், 'புஷ்பா 2' (2024) மூன்று மணி இருபது நிமிடமும் ஓடின.

எனவே, கடிகாரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூற இயலாது. வேறோர் அளவுகோல் வேண்டும். அது நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைக் கூறுகிறது. அவற்றுள் மூன்றைத் திரைக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஒரே வகைச் சண்டை மீண்டும் மீண்டும் வந்தால், அது 'கூறியது கூறல்'. கதையை விட்டு விலகிய காட்சி நீண்டால், அது 'மற்றொன்று விரித்தல்'. விறுவிறுப்பாகத் தொடங்கி வலுவிழந்து முடிந்தால், அது 'சென்று தேய்ந்து இறுதல்'.

சந்திரலேகாவின் முரசு நடனத்தை நினைத்துப் பாருங்கள். நடனம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வெளிப்பட்டுப் போரிடுகின்றனர். நடனத்தை நீக்கினால் போருக்கு வழியே இல்லை. 'கைதி' (2019) ஓர் இரவில் நிகழும் கதை. அதுவரை பார்த்திராத மகளைக் காணத் துடிக்கும் தந்தைக்கு ஒவ்வொரு சண்டையும் ஒரு தடை. ஆகவே அடிகளை எண்ணாமல், அவர் மகளைச் சேர்வாரா என்றே நாம் ஏங்குகிறோம்.

வெட்டிச் சுருக்குவதும் எப்போதும் தீர்வாகாது. 'இந்தியன் 2' (2024) வெளியான சில நாள்களிலேயே ஏறத்தாழ 12 நிமிடம் குறைக்கப்பட்டது. நிமிடங்களைக் கத்தரிப்பது எளிது. கதையைச் செறிவாக்கும் வேலையோ எழுதும்போதே நடக்க வேண்டும். மேலும், 'குன்றக் கூறல்' என்பதும் நன்னூல் கூறும் குற்றமே.

பெரிய திரையின் பிரம்மாண்டமும் ஒரு சுவைதான், மறுக்கவில்லை. ஆயினும் உங்களுள் பலர்க்கு வீட்டுக்கு வெளியே தமிழ் ஒலிக்கும் இடம் திரையரங்கு. அங்கே அரைமணி நேரம் இடியோசை மட்டுமே கேட்டால், நீங்கள் இழப்பது பொழுதை மட்டுமன்று, நல்ல உரையாடல்களையும்தான்.

நீக்கினால் கதை சிதையும் எனில், அக்காட்சி எவ்வளவு நீண்டாலும் தகும். நீக்கியும் கதை குறையாது எனில், ஐந்து நிமிடமும் மிகையே. உங்கள் கட்டுரைகளைத் திருத்தும்போது நான் கைக்கொள்ளும் அளவுகோலும் இதுவே.

சொற்பொருள்
ஈடு – இணையான மதிப்பு
குன்ற – குறைவுபட
இறுதல் – முடிதல்
மிகை – தேவைக்கு மேற்பட்டது

சிந்தித்து எழுதுக
1. முரசு நடனம் கதைக்கு இன்றியமையாதது, ஏன்?
2. நீங்கள் பார்த்த ஒரு படத்தில் 'மற்றொன்று விரித்தல்' அமைந்த காட்சியை எடுத்துக்காட்டுக.
3. ஆசிரியரின் கருத்தை ஏற்கிறீர்களா? பெற்றோருடன் உரையாடிப் பத்து வரிகளில் எழுதுக.