கேதம்

மே 12, ஞாயிறு

கோவில்பட்டியிலிருந்து பழைய ஆபீஸ் நண்பர் வந்திருந்தார். அவள் போன செய்தி ஏழு மாதம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாசலில் நின்று, எங்கள் பக்கத்து வழக்கப்படி, பேசாமல் இரண்டு கையையும் நீட்டினார். தொட்டதும் அழுதுவிட்டேன். அக்டோபரில் இதே வாசலில் எத்தனையோ கைகளைத் தொட்டேன், அப்போது ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். செத்தவளிடமே நியாயம் கேட்டார்கள், களைத்தால் காப்பி குடித்தார்கள், மறுபடி அழுதார்கள். ஆண்களுக்குப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, "எத்தன மணிக்கு எடுக்கிறாங்க?" என்ற பேச்சு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நாற்காலிகளோடு ஆட்களும் போய்விட்டார்கள்.

ராத்திரி போனில் புனேயில் இருக்கும் மகளிடம் சொன்னேன். "யார்கிட்டயாவது போய்ப் பேசுங்கப்பா" என்றாள். இது நாலாவது தடவை.

மே 16, வியாழன்

14416-க்குப் போட்டேன். அரசின் டெலி மானஸ் எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. ஒரு பெண் எடுத்தார். கொஞ்சம் பேசவிட்டு, "சாகணும்னு தோணுதா சார்?" என்று நேராகவே கேட்டார். இல்லை என்றேன். நல்லவேளை, ஒருவராவது கேட்டாரே என்றிருந்தது.

மாத்திரை எழுதுகிறவர் சைக்கியாட்ரிஸ்ட், பேச்சுவழியாகப் பார்க்கிறவர் சைக்காலஜிஸ்ட் என்று விளக்கினார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்குமாம். "தயங்காமக் கேளுங்க சார்."

மே 23, வியாழன்

தயங்கினேன். 'கவுன்சலிங்' என்று பெரிய பலகை, உள்ளே ஏ.சி. பதிவு எண் கேட்க நாக்கு எழவில்லை. அந்தத் தம்பி வெள்ளைப் பலகையில் ஐந்து கட்டம் போட்டார்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. "நீங்க இப்ப நாலாவதுல இருக்கீங்க அங்கிள், இன்னும் ஒண்ணுதான்." மாட்டுத்தாவணி பஸ்ஸில் கண்டக்டர் சொல்வதுபோல இருந்தது. ஆயிரம் ரூபாய்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்த ஐந்தும் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதியவை. சாவை எதிர்நோக்கிக் கிடந்த நோயாளிகளிடம் பேசி எழுதியிருக்கிறார். அதாவது, போகிறவர்கள் கடக்கும் படிகள். என்னவளுக்கு அந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூட நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

மகள் விசாரித்துப் பிடித்த இடம். மாடியறை, மின்விசிறி, வாசல் தாளிலேயே பதிவு எண். முப்பத்தைந்து வயதுப் பெண். "எனக்கு என்ன நோய்மா?" என்றேன். சிரித்தார். ஆறு மாதம் தாண்டியும் துக்கம் ஆளை முடக்கிப் போட்டால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அது கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பெரியவர்களுக்கு ஒரு வருடம். கெடு மட்டும் போதாது, மற்ற அறிகுறிகளும் அந்தந்த ஊர் வழக்கமும் பார்க்க வேண்டும் என்றார். ஜெனிவா கணக்கில் எனக்குக் கெடு முடிந்துவிட்டது, அமெரிக்காவில் இன்னும் நாலு மாதம் தவணை இருக்கிறது. நம்மூரிலும் தலைத் திவசம் வரை பண்டிகை கிடையாது. அந்த ஒரு வருடத்தை யார் யோசித்து வைத்தார்களோ!

பிறகு, "அவங்க பேர் என்ன சார்?" என்று கேட்டார். கல்யாணமான முப்பத்தோரு வருடத்தில் நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'இந்தாம்மா'தான். இந்த நோட்டிலும் 'அவள்' என்றுதான் எழுதுகிறேன். அந்த அறையில் பேரைச் சொன்னபோது வேறு யாரையோ சொல்வதுபோல இருந்தது.

ஜூன் 13, வியாழன்

இன்று சொல்லிவிட்டேன்.

அன்று காலை மேல்வயிறு பிசைகிறது, குமட்டுகிறது என்றாள். "வாயுதான்" என்று சுக்குத் தண்ணி போட்டுக் கொடுத்தேன். பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. மாரடைப்பு, நேரமாகிவிட்டது என்றார்கள். பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமல் இப்படியும் வரும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

'உங்க தப்பில்ல' என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், சொன்னால் எழுந்துவிடலாம் என்றும் இருந்தேன். சொல்லவில்லை. "சுக்குத் தண்ணி எப்படிப் போட்டீங்க?" என்றார். தட்டிப் போட்டது, கருப்பட்டி தேடியது, அவள் உள்ளேயிருந்து "மேல் தட்டுல இருக்கு" என்றது, ஆற்றிக் கொடுத்தது எல்லாம் சொன்னேன். "குடிச்சாங்களா?" குடித்தாள். "நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்றாள். எட்டு மாதமாக இந்த வாக்கியம் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

மகளிடம் சுக்குத் தண்ணி விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.

"எனக்குத் தெரியும்ப்பா. ஏழரைக்கு அம்மா எனக்குப் போன் பண்ணிச் சொன்னாங்க. நானும் வாயுதான்னு சொல்லிட்டு மீட்டிங்குக்குப் போயிட்டேன்."

புனேயில் தமிழ் தெரிந்த சைக்காலஜிஸ்ட் யாராவது இருக்கிறார்களா என்று வியாழக்கிழமை கேட்க வேண்டும்.