கண்டுபிடித்ததற்குக் கூலி

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுபோனது. சென்னையின் சின்னப் பட்டறைகளில் அந்த வண்டிக்கு இன்னும் வேலை இருக்கிறது. புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் விற்கும் சந்துகளுக்கும், அங்கே பொருள் வாங்கிப்போகும் தெருமுனை ஒர்க்‌ஷாப்புகளுக்கும் அதன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின் மனப்பாடம். இந்தப் பட்டறைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கைவேலையைத்தான் வியக்கிறார்கள். எஞ்சினை இரண்டு ஆட்கள் கயிறு கட்டி இறக்குவது, தேய்ந்த திருகைச் சுட்டுக் கழற்றுவது எல்லாம் வியக்கத்தக்கவைதான். என் கவனம் அதற்கு முந்தைய கட்டத்தில் நின்றது. பானெட்டைத் திறந்து, வண்டியை ஓடவிட்டு, கோளாறு எங்கே என்று தேடுகிற அரைமணி, ஒருமணி நேரம் அது. இந்தத் தொழிலின் அறிவு அதிகமாகச் செலவாவது அந்த நேரத்தில். பில்லில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. பழைய கார்களில் தேவையில்லாமல் எஞ்சின் பிரிக்கப்படுவதற்கும், நல்ல பாகம் கழற்றி எறியப்படுவதற்கும், செலவு செய்த பிறகும் வண்டி புகைந்துகொண்டே வீடு திரும்புவதற்கும் இதுதான் முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன். மெக்கானிக்கின் நேர்மையும் திறமையும் அதற்கு அடுத்தபடிதான் வருகின்றன.

நீலப் புகையை எடுத்துக்கொள்வோம். சைலன்சரில் நீலம் கலந்த புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பட்டறை வாசலிலேயே வந்துவிடுகிற தீர்ப்பு, “ரிங் போயிருச்சு சார், எஞ்சின் இறக்கணும்.” உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சிலிண்டருக்குள் ஆயில் நுழைய இரண்டு வழி உண்டு. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் கீழேயிருந்து ஏறும். வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் காய்ந்து இறுகினால் மேலேயிருந்து இறங்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் குப்பென்று நீலப் புகை தள்ளி, சற்று நேரத்தில் தெளிந்துவிட்டால் பெரும்பாலும் சீல். மேம்பாலத்தில் ஆக்சிலரேட்டரை விட்டபடி இறங்கி, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது புகைந்தாலும் அப்படியே. கால் எடுத்த நேரத்தில் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் கூடி, காய்ந்த சீல் வழியே ஆயிலை இழுத்து வைத்திருக்கும். ஏற்றத்தில் ஆட்களோடு போகும்போது விடாமல் புகைந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கேயும் புகை பீறிட்டால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். உறுதிசெய்ய கம்ப்ரஷன் கேஜ் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் அளவு ஏறுகிறதா என்று தெரியும். ஏறினால் ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். கார்பரேட்டர் காலத்து 800இல் மொத்தமே ஆறு வால்வு, ஆறு சீல். ரிங் வேலை என்றால் ஹெட்டும் சம்ப்பும் கழற்ற வேண்டும்; பல சமயம் பிளாக்கை லேத்துக்கு அனுப்பி போரிங்கும் செய்ய வேண்டும். ஒரு வேலைக்கும் மற்றதற்கும் செலவு பல மடங்கு வேறுபடும். எது வேண்டும் என்று சொல்ல, வண்டியை ஒரு ராத்திரி பட்டறையில் நிறுத்தி, காலையில் மெக்கானிக்கே முதல் ஸ்டார்ட்டைப் பார்க்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கும் அளப்புக்கும் யாரும் காசு தருவதில்லை. தருவது எஞ்சின் இறக்கினால்தான்.

இரண்டுமே இல்லாத மூன்றாவது காரணம் இன்னும் சிறியது. கிராங்க் கேஸில் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பி.சி.வி. வால்வோ அதன் குழாயோ கசடு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். போக வழியில்லாமல் அது ஆயிலை எல்லா இடுக்கிலும் வெளியே தள்ளும். ஆயில் குறைகிறது, கசிகிறது, புகையும் வருகிறது. பார்ப்பதற்கு அப்படியே ரிங் போன எஞ்சின். குழாயைக் கழற்றிக் கழுவி, வால்வை மாற்றினால் தீர்ந்துபோகும். இப்படிப்பட்ட வேலையைச் சரியாகச் செய்த மெக்கானிக்குக் கிடைப்பது பத்து நிமிடக் கூலி. எஞ்சினை இறக்கியிருந்தால் ஒரு வாரத்துக்கான வருமானம். தவறாகச் சொன்னால் லாபம், சரியாகச் சொன்னால் நட்டம் என்றிருக்கும் இடத்தில், அதையும் மீறிச் சரியாகச் சொல்பவர்கள் இத்தனை பேர் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வெள்ளைப் புகையிலும் இதே கதை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. மார்கழிக் காலையில் குளிர்ந்த சைலன்சரில் அது வெண்மையாகத் தெரிவது இயல்பு. எஞ்சின் சூடானதும் மறைய வேண்டும். மறையாமல் தொடர்ந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்து, மூடியைத் திறந்து ஓடவிட்டால் குமிழி வந்துகொண்டே இருந்தால்தான் ஹெட் கேஸ்கெட் பேச்சு. ஆனால் கேஸ்கெட்டை மாற்றுவதோடு கண்டுபிடிப்பு முடியவில்லை; அது ஏன் போனது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அலுமினிய ஹெட் ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடானால் வளைந்துவிடும். சூடேறியதற்குக் காரணம் அடைத்த ரேடியேட்டரா, ஓடாத ஃபேனா, கூலன்ட்டுக்குப் பதிலாக வருடக்கணக்கில் ஊற்றிய உப்புத் தண்ணீரா என்று பார்க்காமல் புது கேஸ்கெட் வைத்தால் அதுவும் போகும். இங்கே நம் மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கத்தைக் கண்டித்தே ஆக வேண்டும். ‘நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப்போடுவது பரவலாக நடக்கிறது. அது இல்லாத எஞ்சின் தேவையான சூட்டுக்கு வரத் தாமதமாகிறது. அதுவரை பெட்ரோல் கலவை கூடுதலாக எரிந்து, ஆயிலில் கசடு சேர்ந்து, சிலிண்டர் சீக்கிரம் தேய்கிறது. தெர்மோஸ்டாட் திறக்கிறதா என்று வெந்நீரில் போட்டுப் பார்க்கலாம். அதற்கு நேரம் ஆகும். கழற்றிப்போட நேரம் ஆகாது.

எக்ஸாஸ்ட் பக்கம் வந்தால் கண்டுபிடிப்புக்கும் மாற்றுவதற்கும் உள்ள இடைவெளி இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. பெட்ரோல் எரிந்து உண்டான நீராவி, வழியில் குளிர்ந்து, அமிலம் கலந்த தண்ணீராகக் கடைசிப் பெட்டியில் தேங்கும். எஞ்சினிலிருந்து தூரமாக, குளிர்ச்சியாக இருப்பதால் பின் சைலன்சர் உள்ளேயிருந்து அரித்துப்போகிறது. தினமும் பக்கத்துக் கடைத்தெரு வரை மட்டும் போய்வரும் வண்டிகளில் இது சீக்கிரம் நடக்கும். அந்தத் தண்ணீர் காய்வதற்குள் எஞ்சின் நிறுத்தப்பட்டுவிடுகிறது. ஆகவே ஒரே சைலன்சர் ஒருவருக்கு நீண்டகாலமும் இன்னொருவருக்குக் கொஞ்சகாலமும் உழைப்பதற்குக் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்பக்கம் மேனிஃபோல்டில் கேஸ்கெட் விட்டாலோ வார்ப்பில் விரிசல் விழுந்தாலோ, குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக்கென்று சத்தம் கேட்கும். சூடாகி உலோகம் விரிந்ததும் சத்தம் அடங்கும். மத்தியானம் ஓட்டிக்கொண்டுவந்து விடப்படும் வண்டியில் அந்தச் சத்தம் இருக்காது. பின்குழாயை ஈரத்துணியால் ஒரு கணம் அடைத்துப் பிடித்தால், கசியும் இடத்தில் காற்று சீறுவது கேட்கும். அனுபவமுள்ள ஒருவர் கேட்கிறார், உதவிக்கு நிற்கும் பையன் துணியைப் பிடிக்கிறான். இந்தக் கசிவைச் சத்தத் தொந்தரவு என்று மட்டும் எண்ணக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். துருப்பிடித்த தளத்தின் ஓட்டை வழியே அது காருக்குள் ஏறினாலும் தெரியாது; அதற்கு வாசனை கிடையாது.

“இதெல்லாம் அந்தக் காலம், ஸ்கேனரைச் செருகினால் கோளாறு தெரிந்துவிடும்” என்பார்கள். கார்பரேட்டர் வண்டியில் செருக இடமே இல்லை. பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலக்கப்படும் இன்று, அந்தக் கார்பரேட்டருக்குத் தானாகக் கலவையைத் திருத்திக்கொள்ளவும் தெரியாது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் எரிபொருள் பங்கு குறைந்து எஞ்சின் திணறக்கூடும், பழைய ரப்பர் குழாய்கள் உப்பி வெடிக்கக்கூடும். 2000வாக்கில் வந்த, கம்ப்யூட்டர் பெட்ரோலைச் செலுத்தும் எம்.பி.எஃப்.ஐ. தலைமுறைக்கும் ஸ்கேனர் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தால், துடிப்புக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு எரிபொருள் போதவில்லை என்று அறிவிக்கும். அதை நம்பிக் கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோலைக் கூட்டும். திரையில் சென்சார் பெயர் வந்ததும் சென்சாரை மாற்றுகிறார்கள். பழுதோ ஒரு கேஸ்கெட். கேட்டலிடிக் கன்வர்ட்டரிலும் அப்படித்தான். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. ஒரு சிலிண்டர் மிஸ்ஸாகி, எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் உள்ளேயிருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். வண்டி நின்ற இடத்தில் ஒழுங்காக ஓடும், சாலையில் இழுக்காது. கன்வர்ட்டரைக் குடைந்து வெறும் குழாயாக்கிக் கொடுத்தால் பிக்கப் உடனே திரும்பும். வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி. அடைத்ததற்குக் காரணமான பிளக் ஒயரோ காயிலோ அப்படியே இருக்கிறது, இப்போது அந்தப் புகை வடிகட்டாமல் தெருவுக்குப் போகிறது.

ஆகவே கோளாறைக் கண்டுபிடிப்பதற்குத் தனிக் கூலி தர வேண்டும் என்கிறேன். அப்படித் தந்தால் ஏமாற்றுவதற்கு இன்னொரு வழி திறக்கும் என்ற அச்சம் நியாயமானது. செக்கிங் சார்ஜ் என்று வாங்கிவிட்டு, பானெட்டை மட்டும் திறந்து மூடுகிற இடங்கள் உண்டு. அதற்கு மாற்று, கூலியை அளவோடு கட்டுவது. மூன்று சிலிண்டரின் கம்ப்ரஷன் எண்கள், பிளக் முனைகளின் நிறம், காலை முதல் ஸ்டார்ட்டில் பார்த்த புகை, ஈரத்துணிச் சோதனையில் கேட்ட இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளோடு வண்டிக்காரர் வேறு பட்டறைக்குப் போகலாம். தவறாக அளந்தவர் அங்கே மாட்டிக்கொள்வார். எழுத்தில் இல்லாத தீர்ப்பைத்தான் யாராலும் சரிபார்க்க முடியாது. இதில் இன்னொரு பலனும் உண்டு. ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பாடம் இரண்டு வருடம் படித்து வருபவனும், படிக்காமலே ஹெல்பராகச் சேர்பவனும், பட்டறையில்தான் காதையும் மூக்கையும் பழக்குகிறார்கள். ‘அண்ணே, இது ஏன்?’ என்று கேட்டால் நின்று பதில் சொல்ல அண்ணனுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கு விலை இல்லாததால் பையன்கள் கழற்றவும் மாட்டவும் மட்டும் கற்றுக்கொண்டு தனிப் பட்டறை போடுகிறார்கள்.

இன்னும் கடுமையான எதிர்வாதம் ஒன்று உண்டு: இந்த வண்டிகளே ஒழிய வேண்டும், இதற்குப் போய் ஏன் பழுது ஆராய்ச்சி? பழைய கார் புதியதைவிட அதிகம் கெடுக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பாரத் ஸ்டேஜ் 2 மாசு விதிக்கு முந்தைய பெட்ரோல் காருக்கு, ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு வரை விதி அனுமதிக்கிறது. 2, 3ஆம் ஸ்டேஜ் வண்டிகளுக்கு 0.5. ஆனால் 15 ஆண்டு கடந்த சொந்தக் காரும் தகுதிச் சோதனையில் தேறினால் பதிவைப் புதுப்பிக்கலாம் என்று சட்டமே சொல்லும்போது, அது ஓடத்தான் போகிறது. ஓடும் காலம்வரை அது சரியாக எரிகிறதா, அரைகுறையாக எரிகிறதா என்பதுதான் தெருவுக்கு முக்கியம். இந்தப் பழைய வண்டிகளுக்கான புகைச் சான்றிதழ் ஐடிலில் மட்டும் அளக்கிறது. சோதனைக்கு முன் மிக்ஸர் ஸ்க்ரூவைக் குறைத்து வைத்துச் சான்றிதழ் வாங்கி, பிறகு பழையபடி திருப்பிவிடுவது தொழிலில் எல்லோரும் அறிந்தது. மிதவைப் பின்னில் கசிவா, சோக் மாட்டிக்கொண்டதா, ஏர் ஃபில்டர் அடைப்பா என்று கறுப்புப் புகைக்குக் காரணம் தேடியவருக்கு அந்த ஸ்க்ரூவைத் தொடவே தேவையிருக்காது.

கூலி பற்றிய இந்தப் பேச்சில் வேலை செய்பவரின் உடம்பையும் சேர்க்க வேண்டும். கழற்றி மாட்டும் வேலை எஞ்சினை நிறுத்தி வைத்துச் செய்வது. கோளாறு தேடும் வேலைக்கு எஞ்சின் ஓட வேண்டும், அதுவும் மோசமாக எரிகிற எஞ்சின். மெக்கானிக் பின்குழாய்க்குப் பக்கத்தில் குந்தி, புகையை முகர்ந்து, கையை நீட்டி வெப்பம் பார்க்கிறார். தகரக் கூரைக்குக் கீழே, மூன்று பக்கம் சுவர். பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடோடு, புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் இருக்கிறது. பக்கத்தில் டீசல் வண்டி ஓடினால், அந்தப் புகையை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலேயே மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதியாக வகைப்படுத்திவிட்டது. ஆக, ஒரு மெக்கானிக்கின் நாளில் அதிக நஞ்சு உள்ளே போகும் நேரத்துக்குத்தான் நாம் காசு தருவதில்லை. பின்குழாயில் மாட்டிப் புகையைக் கூரைக்கு வெளியே கொண்டுபோகும் வெப்பம் தாங்கும் குழாயும், அதை இழுக்க ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் பெரிய கம்பெனி சர்வீஸ் நிலையங்களில் பார்க்கக் கிடைக்கின்றன. தெருமுனைப் பட்டறைக்காரர் அதை வாங்க வேண்டுமென்றால், அந்தச் செலவு பில்லில் எங்காவது ஏற வேண்டும். கம்ப்ரஷன் எண்கள் எழுதிய அந்தத் தாளின் விலையில் அதைச் சேர்ப்பது சரியாக இருக்கும்.