ஃபிரான்ஸ்ல ஒயின் படகு... நம்மூர்ல?

ஃபிரான்ஸ்ல 'கனால் து மிடி'னு ஒரு கால்வாய். 1681-ல திறந்தது, 240 கி.மீ. நீளம். சரக்குப் படகையே மிதக்கும் ஓட்டலாக்கி, ஒயினும் சீஸுமா டூர் கூட்டிட்டுப் போறாங்க. 'நமக்கு ஏது?'னு பெருமூச்சு விடாதீங்க பாஸ். நம்மகிட்டயும் இருந்துச்சு, பக்கிங்ஹாம் கால்வாய்! ஆந்திராவோட பெத்தகஞ்சாம் டு நம்ம மரக்காணம், சுமார் 420 கி.மீ. விறகு, உப்பு எல்லாம் படகுலதான் சென்னைக்கு வந்துச்சு. பாரதிதாசன் நண்பர்களோட ராத்திரிப் படகுல மாமல்லபுரம் போனதை 'மாவலிபுரச் செலவு'னு கவிதையாவே எழுதிட்டார்.

இப்போ? சென்னைக்குள்ள அதே கால்வாய்ல பறக்கும் ரயில் தூணும் சாக்கடையும்! 2008-ல தேசிய நீர்வழினு அறிவிச்சதோட சரி.

சேரப்பணஞ்சேரி பக்கம் கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி எங்க பஸ் நிக்கிறப்பல்லாம் இந்தக் கால்வாய்தான் ஞாபகம் வருது. ஒரு ஞாயித்துக்கிழமை புளிசாதம் கட்டிக்கிட்டு முட்டுக்காடு போய்ப் படகேறுங்க. அந்தப் பக்கம்தான் நம்ம கால்வாயும் போகுது. இன்ஜினீயருங்களே, அதை மீட்கிற புராஜெக்ட் யாரோடது? நம்மளோடதுதான்!