எதிர் நாற்காலிக்கு அவன் நிற்கிறான்

ஹேங்டு மேன் சீட்டு மேசைக்கு வந்ததும் எதிரே இருப்பவர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐயோ, தூக்குல போட்டுட்டாங்களா?" கயிறு கழுத்தில் இல்லை, கணுக்காலில் என்று விரல் வைத்துக் காட்டுவேன். டெத் சீட்டுக்கு எல்லாரும் ஏற்கெனவே பயந்துகொண்டுதான் வருவார்கள். இந்தப் பன்னிரண்டாம் சீட்டுக்கு அப்படித் தயாராக வந்த யாரையும் நான் பார்த்ததில்லை. பயப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். டாரட் கட்டின் 78 சீட்டுகளில் எனக்கு அதிகம் வேலை வைப்பது இதுதான். பிடித்ததும் இதுதான்.

என்னிடம் இருப்பது 1909 டிசம்பரில் லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் வெளியிட்ட கட்டின் இன்றைய பதிப்பு. என்ன வரைய வேண்டும் என்று சொன்னவர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட், வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். வேலை பெரிது, காசு கொஞ்சம் என்று புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு அந்த அம்மையார் எழுதிய கடிதம் இருக்கிறது. பெட்டியின் மேல் அவர் பெயர் ஏறுவதற்கு நூறு வருடம் பிடித்தது.

படத்தை ஆற அமரப் பாருங்கள். குறுக்குச் சட்டம் வைத்த ஒரு மரம். அறுத்துச் செதுக்கிய தூக்குமரமாக இல்லாமல் அதில் பச்சை இலைகள் துளிர்த்திருக்கின்றன. அதில் தலைகீழாகத் தொங்குபவனுக்கு நீலச் சட்டை, சிவப்புக் கால்சட்டை, மஞ்சள் காலணி. ஒரு கால் கட்டப்பட்டிருக்க, மற்றக் கால் மடங்கி அதன் பின்னால் குறுக்கே போகிறது. தலையைச் சுற்றி ஒளிவட்டம். முகத்தில் வலி இல்லை, ஏதோ ஒன்றில் லயித்துப்போன முகம். இங்கே உயிர் அந்தரத்தில் நிற்கிறதே தவிர சாகவில்லை என்பதுதான் வெய்ட் தன் நூலில் தரும் விளக்கம்.

இதிலிருந்து பிறந்ததுதான் எல்லாக் கையேடுகளிலும் இருக்கும் பலன்: பொறுத்திரு, விட்டுக்கொடு, வேறு கோணத்தில் பார். சொல்லவும் சுலபம், கேட்கவும் இதம். நான் இதைப் பாதிதான் ஏற்கிறேன். காரணம், இந்தச் சீட்டு இத்தாலியில் பிறந்தபோது அவன் தலையில் ஒளிவட்டம் கிடையாது. அங்கே அவனுக்குப் பெயரே துரோகி.

பதினைந்தாம் நூற்றாண்டு வட இத்தாலியில் இது சூதாடவும் பொழுதுபோக்கவும் பயன்பட்ட சீட்டுக்கட்டு, ஜோசியம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அதே ஊர்களில் ஒருவனை அவமானப்படுத்த அரசே ஓவியம் வரையச் சொல்லும் வழக்கம் இருந்தது. துரோகம் செய்தவன், கடனைக் கட்டாமல் ஓடியவன் கையில் சிக்கவில்லை என்றால், அவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டதுபோல் ஊர்ப் பொதுச்சுவரில் வரைந்துவிடுவார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்கலாம், காறித் துப்பலாம். 1440இல் ஆங்கியாரிப் போருக்குப் பிறகு ஃப்ளோரன்ஸின் எதிரிகளை இப்படி வரைந்த ஆந்த்ரேயா தெல் காஸ்தான்யோவுக்கு, தூக்கிலிடப்பட்டவர்களின் ஆந்த்ரேயா என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1478இல் ஃப்ளோரன்ஸ் ஆட்சியாளர்களுக்கு எதிராகக் கிளம்பிய பாட்ஸிச் சதிகாரர்களை அரண்மனைச் சுவரில் வரைந்தவர் வேறு யாருமல்ல, போத்திச்செல்லி. அகப்பட்டுச் செத்தவர்களைக் கழுத்தில் கயிறோடும், தப்பியோடிய ஒருவனை மட்டும் ஒற்றைக் காலில் தலைகீழாகவும் வரைந்தார். அந்தச் சுவர்கள் இன்றில்லை. ஆனால் 1529-30 ஃப்ளோரன்ஸ் முற்றுகையின்போது இதே வேலைக்காக ஆந்த்ரேயா தெல் சார்த்தோ போட்ட முன்வரைவுகள் உஃபீஸி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த உடல்களைப் பார்த்துவிட்டு நம் சீட்டைப் பார்த்தால் கால் மடங்கியிருப்பதைப் பேச்சுக்குக்கூட யோகாசனம் என்று சொல்ல வராது.

எல்லாவற்றிலும் எனக்கு ருசியான கதை மிலான் கதை. முத்சியோ அத்தெந்தோலோ ஸ்போர்ட்ஸா கூலிப்படைத் தலைவர். கட்சி மாறிவிட்டார் என்ற கோபத்தில் 1412இல் எதிர்ப் போப் இருபத்து மூன்றாம் ஜான், ரோம் நகரத்தில் அவரை ஒற்றைக் காலில் தொங்குபவராக வரையவைத்தார். அவர் மகன் ஃபிரான்செஸ்கோ 1450இல் மிலானின் பிரபு ஆனார். இன்று நமக்கு மிஞ்சியிருக்கும் மிகப் பழைய டாரட் கட்டுகளில் புகழ்பெற்றது அவர் அரண்மனைக்காகத் தங்கத் தகட்டில் வரையப்பட்டது, அதிலும் இந்தத் தலைகீழ் ஆள் இருக்கிறான். அப்பாவை ஊர் சிரிக்க வைத்த அதே கோலத்தை மகன் வீட்டார் கையில் பிடித்து ஆடியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது அவர்கள் மனதில் என்ன ஓடியதோ, நமக்குத் தெரிய வழியில்லை. பாரீஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் இன்னொரு பழைய சீட்டில் தொங்குபவன் இரண்டு கைகளிலும் பணப்பையைப் பிடித்திருக்கிறான். யூதாஸாகவும் இருக்கலாம், திவாலானவனாகவும் இருக்கலாம். இரண்டும் பணத்தோடு சம்பந்தப்பட்ட துரோகம்தான்.

ஆகவே இந்தச் சீட்டு வந்தால் நான் முதலில் கேட்பது, "கயிற்றைக் கட்டினது யாரு?" தானே ஏறிக் காலைக் கட்டிக்கொண்டவருக்கு வெய்ட்டின் பலன் அப்படியே பொருந்தும். வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் சும்மா இருக்கப் போகிறேன் என்று தெளிவாக வந்து உட்காருபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது இனிப்பான சீட்டு. ஊர் பிடித்துத் தொங்கவிட்டவரிடம் போய் பொறுமையாக இருங்கள், ஞானம் வரும் என்றால் அது கொடுமை. கடன் செயலிக்காரர்கள் வாங்கியவரின் போட்டோவைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்புகிறார்களே, அது ஃப்ளோரன்ஸ் சுவரேதான்.

கொழுந்தனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட ஒரு பெண்மணி வந்திருந்தார். இந்தச் சீட்டு வந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேடம், கை கட்டியிருக்கா இல்லையா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஸ்மித் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, கயிறு கண்ணுக்குத் தெரியாது. "உங்களுக்கு எப்படித் தோணுதும்மா?" என்றேன். "கால்லதான் கட்டு. கையை அவனேதான் பின்னாடி வச்சிருக்கான்" என்றார். அதற்கு மேல் அன்றைக்குச் சீட்டு எதுவும் எடுக்கவில்லை. கையால் என்ன செய்யலாம் என்பதைத்தான் பேசினோம்.

வட ஐரோப்பியப் புராணக் கடவுள் ஒடினும் ஒன்பது இரவு மரத்தில் தொங்கினானே என்று பலர் எழுதுகிறார்கள். நம் பக்கத்தில் காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து கயிலை ஏறியதை இதோடு கோத்துச் சொன்னால் வந்தவர்கள் மகிழ்வார்கள். நான் சொல்வதில்லை. அம்மையார் நடந்தார், இவன் நகரமுடியாமல் தொங்குகிறான்.

1781இல் பிரான்சில் கூர் தெ ஜெபலன் என்ற அறிஞர் இந்தச் சீட்டைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். வலிமை, நீதி, நிதானம் மூன்றும் கட்டில் இருக்க நாலாவது அறமான விவேகம் எங்கே? இதோ, இவன்தான், ஒரு காலை ஊன்றி மறுகாலை எங்கே வைப்பது என்று யோசித்து நிற்பவனை ஒரு மட்டிச் சீட்டுக்காரன் தலைகீழாக அச்சடித்துவிட்டான் என்றார். ஆதாரம் பூஜ்யம். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிந்தது தினமும் என் மேசையில் நடக்கிறது. சீட்டை எனக்கு நேராக வைத்தால் எதிரே இருப்பவருக்கு அது தலைகீழ். மற்றச் சீட்டுகளில் அது சின்ன அசௌகரியம். இதில் ஆளே மாறிவிடுகிறான். எனக்குத் தொங்குபவன், எதிர் நாற்காலிக்கு ஒற்றைக் காலில் நிற்பவன், ஏறக்குறைய ஆடுபவன். அவருக்கு மரம்தான் தலைகீழாக முளைத்திருக்கும். சீட்டைத் திருப்பிக் காட்டும் முன் என்ன தெரிகிறது என்று கேட்பேன். "டான்ஸ் ஆடுறான்" என்பவர்கள் உண்டு. தொங்குகிறோம் என்றே தெரியாமல் இருப்பவர் அப்படிச் சொல்லும்போது எனக்குப் பலன் பாதி கிடைத்துவிடும். பிறகு நாற்காலியை இழுத்து அவர் பக்கமாகப் போட்டுக்கொண்டு இருவரும் ஒரே திசையிலிருந்து பார்ப்போம்.

தலைகீழாக விழும் ஹேங்டு மேனுக்கு வெய்ட் கொடுத்த பலன்களில் சுயநலத்துக்கு அடுத்ததாகக் கூட்டம் என்று ஒன்று இருக்கிறது. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள், நான் விடுவதில்லை. சுவரைச் சுற்றி நின்று பார்த்த கூட்டம் படத்துக்குள் நுழைய இருக்கும் ஒரே வாசல் அதுதான். இன்னொன்று: பழைய மார்செய் கட்டில் எட்டாவதாக இருந்த நீதியை வெய்ட் பதினொன்றுக்கு மாற்றினார். அதனால் இந்தக் கட்டை வரிசையாக அடுக்கினால் தராசும் வாளும் ஏந்தியவளுக்கு அடுத்ததாகவே இவன் வருகிறான். இரண்டும் பக்கம்பக்கமாக விழுந்துவிட்டால் தவம், தியாகம் என்ற பேச்சையே எடுக்கமாட்டேன். தீர்ப்பு சொன்னது யார், அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்றுதான் போவேன்.

"எப்போ மேடம் இறங்குவான்?" என்று எல்லாரும் கேட்பார்கள். நான் தேதி சொல்வதில்லை. இறக்கிவிட யாரால் முடியும் என்ற கேள்வியை வைத்து இன்னொரு சீட்டு எடுக்கச் சொல்வேன். ராஜா, ராணி, வீரன், ஏவலன் என்று 16 சீட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வந்தால் அந்தச் சாயலில் யார் இருக்கிறார்கள், மாமாவா, பழைய முதலாளியா, வங்கி மேலாளரா என்று தேடுவோம். ஜாமீன் போட்ட அம்மாவுக்கு அடுத்த முறை வந்தது வாள்களின் ராணி. வக்கீலைப் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். சீட்டைக் கட்டில் சேர்த்துவிட்டு, இலவச சட்ட உதவி மையத்துக்கு எப்படிப் போவது, எந்தெந்தக் காகிதத்தை எடுத்துப்போவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.