தனித்தட்டு

எங்கள் தம்பிக்குக் கண்ணில் மஞ்சள் இல்லை. பசி மாறவில்லை. தளியருகே ஒரு ரோஜாப் பண்ணையில் நாள் முழுதும் நின்று வேலை பார்த்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேருமுன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மட்டும் எஸ்.ஜி.பி.டி. என்னும் எழுத்துகளுக்கு எதிரே 142 என்றிருந்தது. ஏறத்தாழ 40க்குள் இருக்க வேண்டியது. வேலை இல்லையென்று அன்றே அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் செய்தி தமிழ், கன்னடம், தெலுங்கு என மூன்று மொழிகளில் பரவும். மூன்றிலும் ஆறுதல் சொன்னார்கள், மூன்றிலும் "குடிப்பானோ?" என்று கேட்டார்கள். மாலைக்குள் திண்ணையில் கட்டுக்கட்டாகக் கீழாநெல்லி சேர்ந்தது. அம்மா அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். அவனுக்கென்று தனித்தட்டும் தம்ளரும் எடுத்து வைத்தாள். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அந்த நொதி கல்லீரல் உயிரணுக்களுக்குள் இருப்பது. அவை சிதையும்போது இரத்தத்தில் கசிகிறது. அதிலிருந்து காயம் உண்டென்று தெரியும், காரணம் தெரியாது. கொழுப்போ, மதுவோ, சில மாத்திரைகளோ, கிருமியோ எதுவாகவும் இருக்கலாம். அடுத்த பரிசோதனையில் காரணம் தெரிந்தது: ஹெப்படைட்டிஸ் பி. ஆறு மாதம் கழித்தும் அது மறையவில்லை.

கீழாநெல்லியை நாங்கள் எள்ளவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், இக்கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பர்க் ஆகியோர் 1988இல் லான்செட் இதழில் இம்மூலிகை பற்றி எழுதினார்கள். ஒரு மாதம் மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அம்முடிவு நிலைபெறவில்லை. ஊரில் காணும் காமாலைகளுள் பல, நீரால் பரவும் ஏ, இ வகைகள். அவை பெரும்பாலும் தாமே தணிந்துவிடும். புகழ் பச்சிலைக்குப் போய்ச் சேரும்.

வீட்டார் அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். எங்களுக்கு இல்லை. அம்மாவுக்கு இருந்தது. ஒருநாளும் நோயென்று படுத்தறியாதவள்.

"அப்ப நான்தான் குடுத்தேனா சாமி?" என்று கேட்டாள்.

"இருக்கலாம்மா. பிரசவத்துல குழந்தைக்குப் போறது உண்டு. உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அவன் பொறந்தப்போ இந்தத் தடுப்பூசி எல்லாருக்கும் போடல," என்றார் அவர்.

உண்மைதான். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2002இல் சில இடங்களில் தொடங்கிய அவ்வூசி, 2011இல்தான் நாடெங்கும் வந்தது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் தவணை, இவ்வழியைப் பெருமளவு அடைக்கிறது. கைக்குழந்தையாய் இருக்கையில் தொற்றினால் பெரும்பாலும் உடலில் தங்கிவிடும். வளர்ந்தபின் தொற்றினால் பெரும்பாலானோர் அதை வென்றுவிடுவர். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தம்பி இப்போது நாள்தோறும் ஒரு மாத்திரை உண்கிறான். அம்மாவுக்குத் தற்போதைக்குக் கண்காணிப்பு போதும். நாங்கள் மூன்று தவணை ஊசி போட்டுக்கொண்டோம்.

முடிவு வந்த இரவு, அம்மா அந்தத் தனித்தட்டைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு அடுப்படி மூலையில் உட்கார்ந்தாள். ஒரே பந்தியில் உண்பதால் இது தொற்றாது என்று அன்று பகலில்தான் மருத்துவர் சொல்லியிருந்தார். தம்பி எழுந்து போய் அவள் தட்டிலிருந்தே ஒரு உருண்டை களியை எடுத்துத் தின்றான். பிறகு நாங்களும் எங்கள் தட்டுகளோடு அடுப்படிக்கே நகர்ந்தோம்.