பெத்தேலில் ஓராண்டு

ஜெர்மனியின் வடமேற்கிலுள்ள பீலஃபெல்டு நகரில் ரயிலை விட்டு இறங்கி, ஒன்றாம் எண் டிராமைப் பிடித்தால் சில நிமிடங்களில் பெத்தேல் வந்துவிடுகிறது. இப்படி ஒரு நகரமே கிடையாது என்று ஜெர்மானியர்கள் பீலஃபெல்டைப் பற்றி 1994 முதல் வேடிக்கையாகச் சொல்லிவருகிறார்கள். நகராட்சியும் சளைக்கவில்லை. நகரம் இல்லையென்று நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் யூரோ பரிசு என்று 2019இல் அறிவித்தது. பரிசை யாரும் வாங்கவில்லை.

பெத்தேலுக்கு மதில் சுவரோ வாயிற்கதவோ கிடையாது. தெரு, கடை, மரங்கள் அடர்ந்த மலைச்சரிவு, மேலே சீயோன் தேவாலயம். எதிரே வருபவர்களில் பலர் சக்கர நாற்காலியில் வருகிறார்கள், சிலர் தலையில் மெத்தென்ற கவசம் அணிந்திருக்கிறார்கள். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தியாவிலிருந்து வருபவர் கண்ணில் முதலில் படுவது இதுதான்.

வலிப்பு நோயாளிகளுக்கு வேறெங்கும் இடம் கிடைக்காத காலத்தில், 1867இல், அவர்களுக்கான இல்லமாக இது தொடங்கியது. 1872இல் பொறுப்பேற்ற பாதிரியார் ஃபிரீட்ரிஷ் ஃபான் போடெல்ஷ்விங் இதை ஓர் ஊராகவே வளர்த்தார். 1869இல் இரண்டே வாரங்களில் தன் நான்கு குழந்தைகளையும் கக்குவான் இருமலுக்குப் பறிகொடுத்தவர் அவர். நோயாளிக்குப் பிச்சை போடாதே, வேலை கொடு என்பது அவருடைய கட்சி. கட்டடங்களுக்கெல்லாம் விவிலியப் பெயர்கள்: நாசரேத்து, மாரா, எபெனேசர். தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் ஒருவர் இங்கே வழி கேட்டுப் போனால் சொந்த ஊரில் அலைவதுபோல் இருக்கும். ஊருக்குள் மட்டும் செல்லும் தனிப் பணமும் உண்டு. 1908இல் வந்த வழக்கம் இது. மார்க் போய் யூரோ வந்தபிறகும் தொடர்கிறது. 1888 முதல் நடக்கும் தபால்தலைப் பிரிவில், நாடெங்கிலுமிருந்து நன்கொடையாக வரும் பழைய தபால்தலைகளை உறையிலிருந்து பிரித்து, தரம் பார்த்து, விற்கிறார்கள். உடற்குறையோ மனக்குறையோ உள்ளவர்கள் செய்யும் வேலை இது.

இந்த ஊரின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நாஜிகளின் காலத்தில் இங்கிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. ஊனமுற்றவர்களைக் கொல்வதற்கான பட்டியலுக்கு 1940இல் படிவங்கள் வந்தபோது, நிறுவனரின் மகன் அவற்றை நிரப்ப மறுத்தார். பெரும்பாலானோர் தப்பினார்கள். ஆனால் அதே ஆண்டு கொண்டுசெல்லப்பட்ட யூத நோயாளிகள் கொல்லப்பட்டார்கள்.

பெத்தேல் போன்ற இல்லங்களில் ஓராண்டு தொண்டு செய்ய வரும் இளைஞர்கள் இன்று ஜெர்மானியர்கள் மட்டுமல்ல. இதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. அங்கே ராணுவச் சேவை கட்டாயமாக இருந்த காலத்தில், துப்பாக்கி தூக்க மனம் ஒப்பாதவர்கள் 1961 முதல் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் மாற்றுச் சேவை செய்யலாம் என்ற ஏற்பாடு இருந்தது. நாற்காலி தள்ளவும் உணவு ஊட்டவும் ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாலிபர்கள் கிடைத்தார்கள். 2011இல் கட்டாய ராணுவச் சேவை நிறுத்தி வைக்கப்பட, இந்தப் படையும் கலைந்தது. அதே ஆண்டு ஜூலை 1இல் அரசு தன்னார்வத் தொண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஏற்கெனவே 2008 முதல் 'வெல்ட்வெர்ட்ஸ்' என்ற திட்டத்தில் 18 முதல் 28 வயது வரையான ஜெர்மன் இளைஞர்கள் இந்தியா உள்ளிட்ட நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போவது மட்டும்தானா, வருவது கிடையாதா என்ற கேள்வி எழுந்தது. 2013இல் எதிர்த்திசையும் திறந்தது. ஆனால் பாதை இரண்டும் ஒரே அகலமில்லை. அங்கிருந்து புறப்படுபவர்கள் ஆயிரக்கணக்கில், அங்கே போய்ச் சேருபவர்கள் சில நூறு பேர். இந்தியாவுக்கு வரும் ஜெர்மன் பையனை ஏன் வருகிறாய் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இங்கிருந்து போகிறவரிடம் எப்போது திரும்புவாய் என்பதுதான் முதல் கேள்வி.

நான் சந்தித்தவர் ராஞ்சிக்காரர், 23 வயது. அடிப்படை ஜெர்மன் மொழி படித்துவிட்டு வந்தவர். தங்க அறை, சாப்பாடு, காப்பீடு, கைச்செலவுக்குச் சில நூறு யூரோ, ஆண்டில் 25 நாள் வகுப்பு. இவ்வளவுதான் வரும்படி. விடியுமுன் எழுந்து, எட்டுப் பேர் வாழும் வீடொன்றில் ஒருவரைக் குளிப்பாட்டி, இன்னொருவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவி, எல்லோரையும் பணிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். மாத்திரை கொடுப்பது மட்டும் பயிற்சி பெற்றவர் வேலை. மாலை ஆறு மணிக்கு மறுபடி ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய். சுடுசோறு இல்லாமல் ராத்திரிச் சாப்பாடா என்று முதல் மாதம் முழுக்க வயிறு கேட்டதாம். டிசம்பரில் நாலரைக்கே இருட்டு. ஞாயிறன்று கடை இல்லை, சத்தம் கூடாது. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கிறது என்பதைத்தான் அவர் வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டார்.

சங்கடம் எதுவென்றால், அப்பா வயதுள்ளவரைப் பெயர் சொல்லி 'நீ' என்று அழைப்பது. அந்த வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். அறுபது வயதுக்காரர் ஒருவரை இவர் 'நீங்கள்' என்று அழைக்கப் போக, தன்மேல் என்ன கோபம் என்று அவர் விசாரித்திருக்கிறார்.

இது தொண்டா, மலிவுக் கூலியா? ஜெர்மனியிலேயே இந்த வாதம் ஓயவில்லை. சட்டப்படி தொண்டர் கூடுதல் கைதான், ஊழியருக்குப் பதிலாள் அல்ல. ஆள் பஞ்சம் உள்ள இல்லங்களில் இந்தக் கோடு எங்கே அழிகிறது என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். ஓராண்டு முடிந்ததும் செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துத் தங்கிவிடுபவர்கள் உண்டு. கேரளத்துப் பெண்கள் 1960களிலேயே கண்டுபிடித்த வழி அது. ஆனாலும் கூலிக் கணக்கில் மட்டும் இதை அடக்கிவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. காரணம், ராஞ்சிக்காரர் அங்கே கற்றுக்கொண்ட ஒரு விஷயம்.

முதல் முறை அவர் கண்ணெதிரே ஒருவருக்கு வலிப்பு வந்தபோது, இவர் கை சாவிக்கொத்தைத் தேடியது. கூட இருந்த பெண் ஊழியர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தார். தலைக்கடியில் எதையோ மடித்து வைத்தார். வாயில் எதையும் திணிக்கவில்லை. உடம்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கண் விழிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால்தான் அவசர உதவிக்குக் கூப்பிட வேண்டும். அரை மணி கழித்து அந்த மனிதர் வழக்கம்போல் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

இந்தியாவில் இந்த நோய் சுமார் ஒரு கோடிப் பேருக்கு இருப்பதாகக் கணக்கு. இந்துத் திருமணச் சட்டத்தில், திருமணத்தைச் செல்லாததாக்கும் காரணங்களில் ஒன்றாக வலிப்பும் இருந்தது. 1999இல்தான் அந்தச் சொல்லை நீக்கினார்கள். சட்டத்திலிருந்து போனது வீடுகளிலிருந்து போகவில்லை. ராஞ்சிக்காரரின் சித்தி மகளுக்கும் வலிப்பு உண்டு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் அதைச் சொல்வதில்லை. பெத்தேலில் கற்ற முதலுதவியை அவர் இந்தியில் ஒரு பக்கத்துக்கு எழுதி, சித்தியின் செல்போனுக்கு அனுப்பினார். சித்தி படித்திருக்கிறார். நன்றாக இருக்கிறது என்று பதிலும் வந்தது. குடும்பத்தார் எல்லோரும் பார்க்கும் வாட்ஸப் குழுவில் மட்டும் போட்டுவிடாதே என்று அடியில் ஒரு வரி இருந்தது.